வணிகர் பக்கம்: மிகையாய்ச் செலுத்திய சுங்கம் மீள வேண்டுமாயின்

முதற் குலோத்துங்க சோழனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றொரு சிறப்புப் பெயர் உண்டு என்பதை நம் அன்பர்கள் அறிவார்கள். சுங்கத்தை நீக்கினான் என்பதற்காகவே ஓர் அரசனை மக்கள் நூற்றாண்டுகள் கடந்தும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், அவ்வரி வணிகர் தோளில் எவ்வளவு கனத்திருக்க வேண்டும்! இன்று சுங்கத்தைத் தவிர்ப்பார் எவருமில்லை. தவிர்க்க வேண்டுமென்று நாம் கேட்கவும் இல்லை. அரசுக்கு உரியதை அரசுக்குச் செலுத்துவது குடிமக்கள் கடமை. ஆயினும், உரியதற்கு மேல் செலுத்திவிட்டால் அம்மிகுதியைத் திரும்பக் கேட்கவும் சட்டம் வழி வகுத்திருக்கிறது. அவ்வழியை அறியாமையாலோ, அறிந்தும் வேண்டிய தாள்களைக் காத்து வையாமையாலோ நம்மவரிற் பலர் தம் பொருளை இழந்துவிடுகின்றனர். இம்மாதம் அதைக் குறித்து எழுதக் கருதுகிறோம்.

தாராவியில் தோற்பைத் தொழில் நடத்திவரும் அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் பொருள் எளிதில் விளங்கும். அவர் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து தோல் பதனிடும் வேலையில் சேர்ந்தவர். மகனார் சொந்தமாகப் பட்டறை வைத்து இருபது பேருக்கு வேலை கொடுக்கிறார். பைகளுக்கு வேண்டிய ஜிப்புகளையும் பக்கிள்களையும் சீனத்திலிருந்து நவ ஷேவாத் துறைமுகத்தின் வழியாக வரவழைக்கிறார். 2022 டிசம்பர் தொடங்கி 2023 அக்டோபர் வரையில் ஆறு முறை சரக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் விலை ரூ. 5,00,000. கப்பற் கூலியும் காப்பீட்டுக் கட்டணமும் அவ்விலையிலேயே அடக்கம். வணிகர்கள் இதனை 'ஸி.ஐ.எப்.' விலை என்பர்.

சரக்கை விடுவிக்கச் சுங்கத்திற்கு அளிக்க வேண்டிய நுழைவுப் பத்திரத்தை, துறைமுக வழக்கில் 'பில் ஆப் என்ட்ரி' என்பதை, நிரப்பியவர் ஒரு முகவரின் குமாஸ்தா. அவர் 'ஸி.ஐ.எப்.' என்று குறிக்க வேண்டிய இடத்தில், கூலி சேராத விலையைக் குறிக்கும் 'எப்.ஓ.பி.' என்ற சொல்லைக் குறித்துவிட்டார். கப்பற் கூலி இவ்வளவு என்று தெரியாதபோது விலையில் நூற்றுக்கு 20 வீதமும், காப்பீடு தெரியாதபோது நூற்றுக்கு 1.125 வீதமும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதி. அவ்விதிப்படி ரூ. 5,00,000 என்பது ரூ. 6,05,625 ஆயிற்று. அடிப்படைச் சுங்கவரி நூற்றுக்கு 10, அவ்வரியின்மேல் சமூக நலக் கூடுதல் வரி நூற்றுக்கு 10 என்று கணக்கிட்டால், மிகையான ரூ. 1,05,625-க்கு ரூ. 11,618 சொச்சம் வீணாய்ச் செலுத்தியதாகும். ஆறு சரக்குகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய ரூ. 69,700. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே கொடுக்காத சுமைகூலிக்கும் வரி கட்டியாயிற்று.

இதைக் கண்டுபிடித்தது முகவரும் அல்லர், ஆடிட்டரும் அல்லர். வணிகவியல் படிக்கும் அன்பரின் மகள், 2023 டிசம்பர் 22-ஆம் நாள் விடுமுறையில் தந்தையின் கணக்குத் தாள்களை ஒழுங்குபடுத்தும்போது, "கப்பல் கூலி விலைக்குள்ளேயே இருக்கிறதே அப்பா, பிறகு ஏன் இங்கே மறுபடியும் சேர்த்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலிருந்து எல்லாம் தொடங்கிற்று.

முதலில் எதிர்ப்பட்டது காலக்கெடு. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மிகையாகச் செலுத்திய வரியை மீளப் பெற விரும்புவோர், வரி செலுத்திய நாளிலிருந்து ஓராண்டிற்குள் சுங்க உதவி ஆணையரிடமோ துணை ஆணையரிடமோ விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. அன்பரின் முதற் சரக்கிற்கு வரி செலுத்திய நாள் 2022 டிசம்பர் 12. பிழை தெரிந்த அன்று கெடு கடந்து பத்து நாள் ஆகிவிட்டது. அந்த ரூ. 11,618 போனது போனதுதான். பிழை நமக்கு எப்போது தெரிந்தது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. பணம் எப்போது செலுத்தினோம் என்பதையே கேட்கிறது.

இக்கெடுவிற்குச் சில விலக்குகள் உண்டு. எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்திய வரிக்கு ஓராண்டு வரம்பு இல்லை. தற்காலிக மதிப்பீட்டின்மேல் சரக்கை விடுவித்திருந்தால், இறுதி மதிப்பீட்டிற்குப் பின் வரியைச் சரிக்கட்டிய நாளிலிருந்து ஓராண்டு. மேல்முறையீட்டு அதிகாரியோ தீர்ப்பாயமோ நீதிமன்றமோ நமக்குச் சாதகமாக ஆணையிட்டு, அதனால் பணம் மீள வேண்டியிருந்தால் அவ்வாணையின் நாளிலிருந்து ஓராண்டு. ஆகவே, பொருளின் வகைப்பாட்டைப் பற்றியோ வரிவிலக்கைப் பற்றியோ அதிகாரிக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு எழுந்து, சரக்கை உடனே எடுக்க வேண்டிய நெருக்கடியும் இருந்தால், வாளா பணத்தைக் கட்டிவிட்டு வருவது அறிவுடைமை ஆகாது. இன்ன காரணத்தால் எதிர்ப்புடன் செலுத்துகிறோம் என்று கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமும் வாங்கிவைக்க வேண்டும். வாயால் சொன்ன எதிர்ப்பு எந்தக் கோப்பிலும் ஏறாது.

இரண்டாவது தடை, பலர் அறியாதது. 2011-ஆம் ஆண்டு முதல் இறக்குமதியாளர் தம் வரியைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும் முறை நடைமுறையில் உள்ளது. நாமே எழுதிக் கொடுத்த கணக்குத்தானே, பிழை என்று கண்டவுடன் பணத்தைத் திரும்பக் கேட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் 2019 செப்டம்பரில் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம், தாமே செய்துகொண்ட மதிப்பீடும் ஒரு மதிப்பீட்டு ஆணையே என்றும், அதனைச் சட்டப்படி மாற்றாதவரையில் பணம் மீளக் கேட்கும் விண்ணப்பம் நிற்காது என்றும் தீர்ப்பளித்தது. முதலில் பத்திரத்தைத் திருத்த வேண்டும்; பிறகே பணத்தைக் கேட்க வேண்டும்.

திருத்துவதற்குச் சில வாயில்கள் உள. ஆணை கிடைத்த 60 நாட்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள் கிடைக்கும். எழுத்துப் பிழை, கூட்டல் கழித்தல் பிழை ஆகியவற்றைத் திருத்த 154-ஆம் பிரிவு இருக்கிறது. நுழைவுப் பத்திரத்தையே திருத்தித் தருமாறு 149-ஆம் பிரிவின்படி வேண்டலாம். இவற்றோடு 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 18ஏ என்ற புதிய பிரிவையும் சேர்த்தது. சரக்கு வெளியேறிய பின்னரும் இறக்குமதியாளர் தாமே முன்வந்து பத்திரத்தைத் திருத்திக்கொள்ள அது வழி செய்கிறது. ஆயின் சுங்கத்தார் தணிக்கையோ சோதனையோ தொடங்கி, அதனை நமக்கு அறிவித்தும் விட்டால் அவ்வாயில் அடைபடும்.

நம் அன்பர் காலத்தில் 18ஏ இல்லை. மேல்முறையீட்டிற்கு உரிய 60 நாட்களும் கடந்துவிட்டன. ஆகவே 149-ஆம் பிரிவையே நாடினார். அப்பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதனை அன்பர்கள் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். சரக்கு விடுவிக்கப்பட்ட பின் திருத்தம் வேண்டுமாயின், விடுவித்த அந்நாளிலேயே இருந்த எழுத்துச் சான்றை மட்டுமே காட்ட முடியும். விற்றவருக்கு இன்று கடிதம் எழுதி, 'கூலி சேர்ந்த விலைதான்' என்று பதில் வாங்கிக் காட்டினால் பயனில்லை. நல்ல வேளையாக, அன்பர் முதன்முதலில் அனுப்பிய கொள்முதல் ஆணையிலும், ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் 'ஸி.ஐ.எப். நவ ஷேவா' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. வங்கி வழியாக அனுப்பிய தொகையும் விலைப்பட்டியலோடு காசு குறையாமல் ஒத்திருந்தது. பழைய தாள்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டுவைக்கும் வழக்கம் அன்பரின் மனைவியாருடையது. வழக்கைப் பாதி வென்றது அந்தப் பெட்டிதான்.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. பத்திரத்தைத் திருத்தித் தரச் சுங்கத்தார் எடுத்துக்கொள்ளும் காலம் நம் ஓராண்டிலிருந்து கழிக்கப்படுமா என்றால், கழிக்கப்படாது. 18ஏ, 149 ஆகிய பிரிவுகளின்படி திருத்திய பின் பணம் கேட்டாலும், வரி செலுத்திய நாளிலிருந்தே ஓராண்டு கணக்கிடப்படும் என்று 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 27-ஆம் பிரிவில் விளக்கம் சேர்த்து ஐயம் நீக்கிவிட்டது. அன்பரின் இரண்டாம் சரக்கிற்கு 2024 ஜனவரி நடுவில் கெடு முடிவதாக இருந்தது. திருத்த ஆணை வரட்டும் என்று காத்திராமல், திருத்த விண்ணப்பத்தையும் பணம் மீளக் கேட்கும் விண்ணப்பத்தையும் ஒரே வாரத்தில் அளித்தார். அஃது அவருக்கு நல்ல யோசனை சொன்ன ஒரு முதிய வழக்கறிஞரின் உதவி.

மூன்றாவது தடையே எல்லாவற்றிலும் பெரிது. அதிகாரி கேட்பார்: 'மிகையான வரியை நீர் செலுத்தினீர், சரி, அந்தச் சுமையை உம்மிடம் பொருள் வாங்கியவர்மேல் ஏற்றிவிடவில்லையா?' 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வரிச்சுமை வாங்குவோர்மேல் ஏறிவிட்டது என்றே சட்டம் முன்கூட்டிக் கொள்கிறது. இல்லை என்று நிறுவ வேண்டியவர் நாம். நிறுவாவிட்டால், மிகைத்தொகை நமக்குரியதென்று தெளிவானாலும் அது நம் கைக்கு வராது. நுகர்வோர் நல நிதிக்குப் போய்ச் சேரும். மபத்லால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் 1996 டிசம்பரில் இக்கொள்கையை நிலைநாட்டிற்று. வாங்கிய பொருளை அப்படியே விற்காமல், அதைக்கொண்டு வேறொரு பொருள் செய்து விற்போருக்கும் இது பொருந்தும் என்று 2000-ஆம் ஆண்டில் சோலார் பெஸ்டிசைட் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஜிப்பு வாங்கிப் பையாக விற்கும் நம் அன்பரும் இதற்கு விலக்கல்லர்.

அவருடைய ஐந்து விண்ணப்பங்களின் கதி இங்கேதான் இரண்டாகப் பிரிந்தது. 2023 ஜனவரியிலும் மார்ச்சிலும் வந்த சரக்குகளின் வரி முழுவதையும், அவ்வாண்டுக் கணக்கை முடித்தபோது செலவில் எழுதிவிட்டார்கள். செலவில் எழுதியது விலையில் சேர்ந்திருக்கும் என்பதே சுங்கத்தார் வாதம். மறுப்பதற்கு அன்பரிடம் சான்று இல்லை. மே, ஜூலை, அக்டோபர் மாதச் சரக்குகளின் கணக்கு அப்போது முடிவு பெறவில்லை. மிகைத்தொகையைச் செலவிலிருந்து எடுத்து, 'சுங்கத்திடமிருந்து வரவேண்டியது' என்று சொத்துப் பக்கத்தில் எழுதினார்கள். பையின் விலை அம்மாதங்களில் மாறவில்லை என்பதைக் காட்டும் விற்பனைப் பட்டியல்களையும், ஆடிட்டர் பேரேட்டைப் பார்த்துக் கொடுத்த சான்றிதழையும் இணைத்தார்கள். முடிவில், மூன்று சரக்குகளுக்கு உரிய ரூ. 34,856 அன்பரின் வங்கிக் கணக்கிற்கு வந்தது. இரண்டுக்கு உரியது நுகர்வோர் நல நிதிக்குச் சென்றது.

"அந்த இரண்டையும் பற்றி வருத்தமில்லையா?" என்று கேட்டோம். அன்பர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "பையை வாங்கினவர் கொடுத்த காசு, அதை நான் இரண்டாம் தடவை வாங்கினால் உறுத்தத்தான் செய்யும். முதற் சரக்குப் பணம் போனதுதான் வருத்தம், அது என் கவனக்குறைவு" என்றார். அவர் சொன்னதில் சட்டத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றிற்று. சுமந்தவருக்கே மீட்சி; பிறர் சுமந்ததற்கு நாம் கூலி கேட்கலாகாது.

மிகையாகக் கட்டிய ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. என்ன ஆயிற்று என்று அன்பர்கள் வினவலாம். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற அன்பர் அதனை உள்ளீட்டு வரி வரவாக முன்னமே எடுத்துக்கொண்டுவிட்டார். ஆகையால் அதைச் சுங்கத்திடம் மறுபடி கேட்க இடமில்லை. கேட்டால் ஒரே தொகையை இருமுறை பெற்றதாகும். விண்ணப்பம் எழுதுமுன் எந்த வரி வரவில் சேர்ந்தது, எது சேரவில்லை என்று பிரித்துப் பார்த்துக்கொள்வது நலம்.

வந்த சரக்கே பழுதானால் என்செய்வது? அதற்கு 26ஏ பிரிவு உண்டு. பேசிய தரத்திற்கு மாறாக வந்த பொருளை, பழுதைக் கண்டறிய வேண்டிய அளவிற்கு மேல் பயன்படுத்தாமலும் பழுது பார்க்காமலும் வைத்திருக்க வேண்டும். விடுவிப்பு ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் அதனைத் திருப்பி ஏற்றுமதி செய்ய வேண்டும்; அன்றிச் சுங்கத்திடமே உரிமை துறந்து ஒப்படைக்கவோ, அதிகாரி முன்னிலையில் அழிக்கவோ வேண்டும். அப்படியாயின் செலுத்திய வரியை மீளக் கேட்கலாம். விண்ணப்பத்திற்கு ஆறு மாதக் கெடு. 30 நாள் கடந்துவிட்டாலும் மனந்தளர வேண்டா. பயன்படுத்தாத பொருளை வரி செலுத்திய இரண்டு ஆண்டுகளுக்குள் வெளிநாட்டிற்குத் திருப்பி அனுப்பினால், 74-ஆம் பிரிவின்படி வரியில் நூற்றுக்கு 98 வீதம் பெற வழியுண்டு. பெட்டியைப் பிரித்த அன்றே சரக்கைப் பார்ப்பது இதனால்தான் இன்றியமையாதது.

வணிகம் செய்யாத குடும்பத்தாரும் இப்பக்கத்தைத் தள்ளிவிட வேண்டா. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாயிலாகப் பெற்றோர் வரவழைக்கும் மருத்துவக் கருவிக்கோ, தம் சொந்த உபயோகத்திற்குத் தருவித்த பொருளுக்கோ வரி மிகையாக விதிக்கப்பட்டிருந்தால் அவர்களும் கேட்கலாம். தனி மனிதர் சொந்த உபயோகத்திற்கு இறக்குமதி செய்த பொருளில், சுமையைப் பிறர்மேல் ஏற்றினாரா என்ற வினா எழுவதில்லை. ஆனால் ஓராண்டுக் கெடுவும் எழுத்துச் சான்றும் அவர்களுக்கும் வேண்டும். அஞ்சற்காரரோ கூரியர்க்காரரோ கொடுக்கும் வரிச்சீட்டைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் எறிந்துவிடலாகாது. 100 ரூபாய்க்குக் குறைந்த தொகை மட்டும் திரும்பக் கிடையாது.

இனி, ஆயத்தம் என்பது யாது? பிழை கண்ட பின் ஓடுவது ஆயத்தம் ஆகாது. சரக்கு ஒன்றுக்கு ஓர் உறை வையுங்கள். கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல், கட்டுப் பட்டியல், கப்பற் சீட்டு, காப்பீட்டுச் சீட்டு, நுழைவுப் பத்திரம், வரி செலுத்திய சலான், வங்கி வழிப் பணம் அனுப்பிய சான்று, முகவரோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகிய இவ்வளவும் அவ்வுறையில் இருக்கட்டும். உறையின்மேல் வரி செலுத்திய நாளைப் பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே ஓராண்டு முடியும் நாளையும் எழுதுங்கள். முகவர் பத்திரத்தைச் செலுத்துமுன் அதன் படியைக் கேட்டு வாங்கி, விலை, நாணய மாற்று, கூலி, காப்பீடு, பொருளின் வகை எண், உரிய வரிவிலக்கு ஆகியவற்றை விலைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். சரக்கு வந்த மாதத்திலேயே ஒருமுறையும், மார்ச் 31-க்கு முன் ஒருமுறையும் மறுபடி பாருங்கள். ஆண்டுக் கணக்கு முடியுமுன் கண்ட பிழையைப் பேரேட்டில் 'வரவேண்டியது' என்று எழுதலாம். முடிந்த பின் கண்டால் நம் அன்பருக்கு நேர்ந்ததே நேரும்.

விண்ணப்பம் அளிக்கும்போது குறையின்றி அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். குறையுள்ள விண்ணப்பம் திரும்பி வரும். அதற்குள் கெடு ஓடிக்கொண்டிருக்கும். முழுமையான விண்ணப்பம் பெற்ற மூன்று மாதத்திற்குள் பணத்தைத் தராவிட்டால், அதற்குப் பிந்திய நாட்களுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 6 வீதம் வட்டி தர 27ஏ பிரிவின்படி அரசு கடமைப்பட்டிருக்கிறது. அவ்வட்டியைக் கேட்கவும் கூச வேண்டுவதில்லை.

பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த நமக்கு ஒவ்வொரு ரூபாயும் உழைப்பு. ரூ. 11,618 என்பது பட்டறையில் தைக்கும் தொழிலாளி ஒருவர் பல நாள் குனிந்து சம்பாதிப்பது. அதைப் பத்து நாள் தாமதத்தால் இழந்த அன்பர், இப்போது ஒவ்வொரு உறையின்மேலும் தம் மகள் கையால் கெடுநாளைச் சிவப்பு மையில் எழுதச் செய்கிறார். அன்பர்கள் இவ்விதழைப் படித்து முடித்ததும் தத்தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து, கடைசியாக வந்த சரக்கின் தாளை எடுத்து, கூலி எத்தனை முறை சேர்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பார்களாக.